விருந்தாளிகள் குடித்துத் தீர்த்த தொட்டி

அரோய்ட்டாவுக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் உண்டு. கல்லு. அவள் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. மழை நின்றுபோன பிறகு வந்த பெயர் அது.

ஊர் கூடிப் பேசும் மனியபாவின் தகரக் கூரையில் விழும் மழைநீரெல்லாம் பக்கத்திலிருக்கும் சிமெண்ட் தொட்டியில் இறங்கும். தொட்டியின் குழாய்க்கு ஒரு பூட்டு. அதன் சாவி அரோய்ட்டாவின் கழுத்தில், மீன்பிடி நரம்பில் கோத்துத் தொங்கியது. குளிக்கும்போதும் கழற்ற மாட்டாள். குளிப்பது கிணற்றுத் தண்ணீரில்தான். அந்தத் தண்ணீர் உடம்பில் காய்ந்தால் தோல் வெளுத்து இழுக்கும். அவ்வளவு உப்பு.

தொட்டித் தண்ணீர் கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் படுக்கையில் கிடப்பவர்களுக்கும் மட்டும் என்று தீவின் பேரிடர்க் குழு முடிவு செய்திருந்தது. அந்தக் குழுவின் செயலாளர் அரோய்ட்டா. குழுவில் மற்றவர்கள் யார் என்று கேட்டால் அவளே கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒருவர் தலைநகர் தாராவாவுக்கு மருத்துவம் பார்க்கப் போய் அங்கேயே தங்கிவிட்டார். ஒருவர் நியூசிலாந்துக்குப் பழம் பறிக்கப் போனார். மிச்சம் இவளும் சாவியும்.

சாவியைக் காப்பது எளிதல்ல. அந்தத் தீவுகளில் புபுசி என்று ஒன்று இருக்கிறது. அந்தச் சொல்லைச் சொல்லி உறவுக்காரர் ஒருவர் கேட்டுவிட்டால் கொடுக்காமல் இருக்க முடியாது. சைக்கிளைக் கேட்கலாம், வலையைக் கேட்கலாம், உடம்பில் போட்டிருக்கும் சட்டையைக் கேட்கலாம். கேட்பவருக்கு வெட்கம் இல்லை. மறுப்பவருக்குத்தான் வெட்கம், அதுவும் பரம்பரைக்கு. ஒரு வீட்டில் மீன் கிடைக்காத நாளில் பக்கத்து வீட்டு மீன் அவர்கள் அடுப்புக்கு வந்து சேர்வதற்காக எந்தக் காலத்திலோ ஏற்பட்ட ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மீனுக்கு ஏற்பட்டதைக் கூட்டுறவுக் கடைக்கும் நீட்டினார்கள். ஊர்க் கூட்டுறவுக் கடையை நடத்தியவள் அரோய்ட்டா. அரிசியும் சர்க்கரையும் புபுசியில் ஒவ்வொரு மூட்டையாக நடந்து போயின. கடைசியில் கடையின் தராசையும் ஒரு மாமன் கேட்டு வாங்கிப் போனார். எடை போட அவரிடம் ஒன்றுமில்லை. பார்க்க அழகாக இருந்ததாம்.

அவள் புருஷன் தோக்கின் வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்களில் பாதி ஆயுளைக் கழித்தவன். ஊர் திரும்பியபோது ஒரு படகு எஞ்சின் கொண்டுவந்தான். அண்ணன் கேட்டான், கொடுத்தான். அதன் பிறகு தோக்கின் மீன் பிடிக்க அண்ணன் படகில் ஓரமாக உட்கார்ந்து போனான். பிறகு சர்க்கரை வியாதி ஒரு காலைத் தின்றது, அப்புறம் ஆளையே தின்றது. புதைத்துவிட்டு வந்த அன்று அரோய்ட்டா மனதுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டாள்: இனி நான் யாரிடமும் புபுசி கேட்க மாட்டேன், என்னிடம் கேட்டாலும் நடக்காது.

சொந்தக்காரர்கள் விடுவார்களா? தாய்வழித் தம்பி பவ்ரோ தினமும் காலையில் காலி வாளியோடு வந்து தொட்டி நிழலில் உட்காருவான்.

"அக்கா, ஒரே ஒரு வாளி. புபுசி."

"உன் வீட்ல கைக்குழந்தை இருக்கா?"

"நானே ஒரு குழந்தைன்னுதான் எம் பொண்டாட்டி சொல்றா."

"அப்ப அவகிட்டயே பால் கேளு. போ."

"கல்லுன்னு சும்மாவா சொல்றாங்க!" என்று சிரித்துக்கொண்டே போவான். மறுநாளும் வருவான். அவனுக்கு அது ஒரு பொழுதுபோக்கு. அவளுக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு தடவை இல்லை என்று சொன்ன பிறகும் கை தானாகச் சாவிக்குப் போகும். நாற்பது வருஷத்துக்கு மேல் ஊறிய பழக்கம் ஒரு பூட்டில் நின்றுவிடுமா?

அவள் மகள் ரீனாவுக்குப் போன மாதம் ஆண் குழந்தை பிறந்திருந்தது. காய்ச்சலில் ரீனாவுக்குப் பால் வற்றிப்போனதால் மாவுப் பால்தான். ஒரு தடவை தெரியாமல் கிணற்றுத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்துவிட்டார்கள். குழந்தைக்கு வயிறு போய், உச்சிக்குழி உள்வாங்கி, கண் செருகிவிட்டது. நர்ஸ் எரேசி இரண்டு நாள் பக்கத்திலேயே இருந்து சொட்டுச் சொட்டாக ஊட்டித் தேற்றினாள்.

"கொதிக்க வச்சா கிருமி சாகும். உப்பு எங்க போகும்?" என்றாள் எரேசி. "தொட்டித் தண்ணி தவிர வேற எதுவும் வேணாம். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. சொல்லிட்டேன்."

தொட்டியில் பாதிக்கும் குறைவாகத்தான் இருந்தது. அரோய்ட்டா தினமும் வெளிச்சுவரைத் தட்டிப் பார்ப்பாள். தண்ணீர் இல்லாமல் கணீரென்று கேட்கும் இடம் தினமும் கொஞ்சம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மழை வரும்வரை அது தாங்க வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

இந்த நிலையில்தான் கப்பல் வருவதாக ரேடியோவில் செய்தி வந்தது. பேரிடரையும் பருவநிலை மாற்றத்தையும் எதிர்கொள்ள நாடு தழுவிய புதிய திட்டம் தயாராகிறது. மக்கள் கருத்தைக் கேட்க அதிகாரிகள் தீவு தீவாக வருகிறார்கள்.

இது நான்காவது திட்டம். முதல் திட்டம் எழுதப்பட்டபோது அரோய்ட்டா தாராவாவில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்பவளாக இருந்தாள். அதை அடித்ததே அவள் விரல்கள்தான். இரண்டாவதற்கு வந்தவர்கள், கடல் உள்ளே புகுந்து பபாய்க் குழிகளை நாசம் செய்த மறு வருஷம் வந்தார்கள். பபாய் என்பது மண்ணைத் தோண்டி நிலத்தடி ஈரத்தில் வளர்க்கும் கிழங்கு; அவளுடைய தாத்தாவின் தாத்தா தோண்டிய குழியில் அன்றைக்கு இலைகள் வெந்ததுபோலக் கிடந்தன. வந்தவர்கள் குழியைப் படம் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது திட்டம்தான் இந்தத் தொட்டியைக் கொடுத்தது. ஒவ்வொரு தடவையும் பெரிய தாள்களைத் தரையில் விரித்து, கலர்ப் பேனாக்களைக் கையில் கொடுத்து, ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: உங்கள் ஊருக்கு என்னென்ன ஆபத்து? பெரியவர்களும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: மழை பொய்க்கிறது, கடல் ஏறுகிறது, கிணறு உப்பாகிறது. பேனாவின் நிறம் மட்டும் மாறியது.

இதில் என்ன திட்டமிட வேண்டியிருக்கிறது என்று அவளுக்கு விளங்கியதே இல்லை. அந்தத் தீவில் இருக்கும் மோட்டார் சைக்கிள்களைக் கைவிரல் மடக்கி எண்ணலாம். ஊரில் எல்லாரும் சேர்ந்து ஆயுள் முழுக்க எரித்த எண்ணெய், பெரிய நாட்டு விமான நிலையம் ஒன்றுக்கு ஒரு காலைப்பொழுதுக்குக்கூடக் காணாது. எரித்தவன் எங்கோ இருக்கிறான். திட்டம் போட வேண்டியவன் இங்கே இருக்கிறான். ஒருவன் வீட்டுக்கு நெருப்பு வைத்துவிட்டு, எப்படி அணைக்கப் போகிறாய் என்று எழுதிக் கொடு, சரியாக இருந்தால் ஒரு வாளி தருகிறேன் என்பது போல.

ஊர்ப் போதகருக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லை. மறுபடி உலகத்தைத் தண்ணீரால் அழிக்க மாட்டேன் என்று கடவுள் வானவில்லைக் காட்டி வாக்குக் கொடுத்திருக்கிறார் என்பார். மழை இல்லாததற்கு மட்டும் ஊராரின் பாவம் காரணம்.

"என்ன பாவம் போதகரே?" என்று அரோய்ட்டா ஒருநாள் கேட்டாள். "எம் பேரன் பொறந்து ஒரு மாசம். அவன் என்ன பண்ணான்?"

"பெரியவங்க பாவம் பிள்ளைங்க மேல வரும்மா."

"அப்ப கரி எரிக்கிறவனோட பிள்ளைங்க மேலயில்ல வரணும்? விலாசம் தப்பிப் போச்சா?"

 

கப்பல் வருவதற்கு முன்தினம் மனியபாவில் பெரியவர்கள் கூடினார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தூணோரம் அதற்கென்று பாத்தியப்பட்ட இடம். முன்னால் ஆண்கள், பின்னால் பெண்கள். அரோய்ட்டாவின் பெரியப்பா தெக்கையாராதான் அந்த ஊரில் கடைசியாகப் பேசுபவர். அவர் பேசிய பிறகு வேறு யாரும் பேசுவதில்லை. விருந்தாளிகளுக்குப் பன்றி, மீன், இளநீர், பாய் என்று எல்லாம் முடிவாயிற்று. பிறகு அவர் தலையைத் திருப்பாமலே பின்னால் பார்த்துச் சொன்னார்.

"அரோய்ட்டா, அவங்க குளிக்கக் குடிக்கத் தொட்டியத் திறந்து விடணும்."

"பெரியப்பா, அது குழந்தைங்களுக்குன்னு வச்சிருக்கு."

"எனக்குத் தெரியாதா? மூணு நாள் தங்கப் போறாங்க. உப்புத் தண்ணிய ஊத்திக் குளிச்சுட்டுப் போய், தெபுவாரிகி ஊர்க்காரன் விருந்தாளிக்குத் தண்ணி இல்லன்னுட்டான்னு ஊர் ஊராச் சொல்லவா?"

"தண்ணி இல்லங்கறதக் கேக்கத்தான பெரியப்பா அவங்க வர்றாங்க!"

கொட்டகையில் யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். தெக்கையாரா இப்போது முழுசாகத் திரும்பினார். அவருக்குக் கோபம் இல்லை, அதுதான் மோசம். கிழவரின் முகத்தில் ஒரு கெஞ்சல் இருந்தது.

"எல்லாரும் பாக்க நான் உங்கிட்ட புபுசி கேக்குறேன்மா. சாவியக் குடு."

ஒரு கிழவர் ஊர் நடுவில் வாய்விட்டுக் கேட்டுவிட்டார். பவ்ரோவை விரட்டுவது வேறு. அரோய்ட்டா கழுத்திலிருந்த நரம்பைக் கழற்றினாள். அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய், முன்வரிசையை அடைந்தது. குழாயைத் திறந்ததும் முதல் ஆளாகப் போய், கைக்குக் கிடைத்த பாத்திரங்களிலெல்லாம் தொட்டித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளலாமா என்று நினைத்தாள். ஊரில் இன்னும் எத்தனை குழந்தைகள்! நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது. பிடிக்கவில்லை.

வந்தவர்கள் நல்லவர்கள்தான். அப்படிச் சொல்லாமல் இருந்தால் அது நியாயமாகாது. குழுவின் தலைவன் கபுவா, இதே தென்தீவுகளில் பிறந்து தாராவாவில் வளர்ந்தவன். தூக்கம் இல்லாத கண்கள். எட்டாவது தீவு இது என்றான். ஆலோசகராக வந்த இங்கிரிட் என்ற வெள்ளைக்காரப் பெண் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டாள். வெயிலுக்கு முகம் சிவந்துபோய், ஒரு நாளைக்கு இரண்டு தடவை குளித்தாள். தண்ணீர் எவ்வளவு இனிப்பாக இருக்கிறது என்று மனதாரப் பாராட்டினாள். கப்பல் ஆட்களும் கரைக்கு வந்து துணி துவைத்துக்கொண்டார்கள். யாரும் அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்வது விருந்தாளியை அவமதிப்பது.

அரோய்ட்டாவின் வேலை இங்கிரிட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காதில் மொழிபெயர்ப்பது. கபுவாவே செய்யலாம். ஆனால் உள்ளூர்ப் பெண் ஒருத்தி பங்கெடுத்தாள் என்று காட்ட வேண்டுமாம்.

இரண்டாம் நாள் தாள்கள் விரிந்தன. பேனாக்கள் இந்தத் தடவை பச்சை. மதியம் ஒரு இயந்திரத்தைக் கடற்கரையில் இறக்கினார்கள். பெட்டி அளவுதான் இருக்கும். சூரியத் தகட்டை விரித்து, ஒரு குழாயைக் கடலில் போட்டார்கள். அது கொஞ்ச நேரம் முனகிவிட்டு, இன்னொரு குழாய் வழியே நூல் போலத் தண்ணீர் விட்டது. நல்ல தண்ணீர். ஒரு கண்ணாடிக் கோப்பையில் பிடித்து மனியபாவுக்குக் கொண்டுவந்தார்கள். கோப்பை வரிசையாகக் கை மாறிற்று. ஆளுக்கு ஒரு வாய். எல்லாரும் கை தட்டினார்கள்.

"இது இங்கயே இருக்குமா தம்பி?" என்று பவ்ரோ கேட்டான்.

"இது மாதிரிக்குக் காட்டத்தான்ண்ணே," என்றான் கபுவா. "திட்டம் நிறைவேறி, நிதி வந்ததும் ஒவ்வொரு தீவுக்கும் ஒண்ணு வரும்."

"எம் பையன் கல்யாணத்துக்குள்ள வந்துருமா?"

"பையனுக்கு என்ன வயசு?"

"இன்னும் பொறக்கல."

சிரிப்பு அடங்குவதற்குள் இங்கிரிட் குறிப்பைப் பார்த்துக் கேட்டாள்: முந்தைய திட்டத்தில் கொடுத்த அவசரத் தொட்டியில் இப்போது எவ்வளவு தண்ணீர் இருக்கிறது? எத்தனை நாளுக்கு வரும்?

அரோய்ட்டா அதைத் தன் மொழியில் சொன்னாள். தெக்கையாரா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நிறைய இருக்குன்னு சொல்லு. எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. விருந்தாளிங்க சந்தோஷமா இருந்தா அதுவே போதும்."

அன்று காலை அரோய்ட்டா சுவரைத் தட்டிப் பார்த்திருந்தாள். கணீரென்ற சத்தம் அடிவரைக்கும் கேட்டது. கைப்பிடிச் சேறும் இரண்டு வாளி கலங்கலும் மிச்சம். அதை விருந்தாளிகள் கண்ணில் படாமல் வடிகட்டிக் கொடுக்கச் சொல்லி ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. எரேசி பின்வரிசையிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரீனா வீட்டில் குழந்தைக்கு நாளைக்கு என்ன கலக்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பாள்.

பெரியப்பா சொன்னதை அரோய்ட்டா ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். இங்கிரிட் மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டாள்.

பிறகு அரோய்ட்டா எழுந்து நின்றாள். பேசும்போது பெரியப்பாவைப் பார்க்கவில்லை, கபுவாவைப் பார்த்தாள்.

"தம்பி கபுவா. உன் அம்மா எந்தத் தீவு?"

அவன் சொன்னான்.

"எங்க அப்பாவோட அம்மாவும் அங்கதான். அப்ப நீ எனக்குத் தம்பி முறை."

"ஆமாக்கா," என்றான் கபுவா. குரல் இறங்கிவிட்டது. எங்கே போகிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"தொட்டி காலி. நீங்க குளிச்சீங்க, துவைச்சீங்க, குடிச்சீங்க. தப்பு உங்க மேல இல்ல. நாங்களே ஊத்திக் குடுத்தோம். விருந்தாளிக்கு ஊத்துன தண்ணியச் சொல்லிக் காட்டக் கூடாது, தெரியும். சொல்லிக் காட்டிட்டேன். என்னைக் கல்லுன்னு கூப்பிடுவாங்க, கூப்பிடட்டும். எனக்குன்னு இதுவரைக்கும் யாருகிட்டயும் நான் கேட்டதில்ல. இப்ப எல்லாரும் பாக்க உங்கிட்ட கேக்குறேன். அந்த மெஷின எனக்குக் குடு. புபுசி."

மனியபாவில் வீசிக்கொண்டிருந்த கைவிசிறிகள் நின்றன. தெக்கையாரா கண்ணை மூடிக்கொண்டார்.

"அக்கா, அது என்னோடது இல்ல. அரசாங்கத்தோடது."

"கூட்டுறவுக் கடையும் என்னோடது இல்ல தம்பி."

பெரியவர்கள் சிலர் தலை குனிந்தார்கள். தராசை வாங்கிப்போன மாமன் வெளியே கடலைப் பார்த்தார்.

கபுவாவுக்கு மேலே ஒரு செயலர், அதற்கும் மேலே ஒரு குழு, அதற்கும் மேலே வேறு நாட்டில் ஒரு வங்கி. சுற்றி ஒரு ஊரே உட்கார்ந்திருக்கிறது. இவன் இல்லை என்று சொன்னால், அந்தச் செய்தி இவன் அம்மாவின் தீவு வரைக்கும் போய்ச் சேரும்.

"எடுத்துக்குங்கக்கா," என்றான்.

என்ன நடந்தது என்று இங்கிரிட் கேட்டாள்.

"இயந்திரத்தை எங்களுக்குக் கொடுத்துவிட்டார்," என்றாள் அரோய்ட்டா.

"ஆனால் அவருக்கு அதிகாரம் இல்லையே!"

"இல்லைதான்," என்றாள் அரோய்ட்டா. அதற்கு மேல் விளக்க ஒரு வாரம் வேண்டும்.

ஜெயித்த மாதிரி அவளுக்கு இல்லை. எந்தப் பழக்கம் தன் கடையைத் தின்றதோ, புருஷனின் எஞ்சினைத் தின்றதோ, தொட்டியைத் தின்றதோ, அதே வாயால் ஒரு பொதுச் சொத்தைத் தானும் பிடுங்கிவிட்டதாகத்தான் இருந்தது. கேட்க வேண்டியதே இல்லாமல் வந்து சேர்ந்திருக்க வேண்டிய தண்ணீர் அது. உரிமையாக வராததை உறவு சொல்லி வாங்க வேண்டியிருந்தது. எரேசி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். தெக்கையாரா அன்று கடைசிப் பேச்சுப் பேசவில்லை, எழுந்து போய்விட்டார்.

கப்பல் கிளம்பும் காலையில் கபுவா படகுத்துறையில் அவளைத் தனியாக அழைத்தான்.

"அக்கா, இப்ப என் முறை."

"கேளு."

"அடுத்த மாசம் வெளிநாட்டுல பெரிய மாநாடு. தீவுலேர்ந்து ஒரு அம்மாவக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. பாதிக்கப்பட்டவங்க நேர்ல பேசினா நிதி வருமாம். நீங்க வந்தா, மெஷின இங்க சோதனைக்கு வச்சோம்னு நான் மேல சொல்லிச் சமாளிச்சுருவேன். வரலன்னா என் வேலை போயிடும்." கண்ணைத் தாழ்த்தினான். "புபுசி."

"அங்க குளிருமா?"

"பயங்கரமா."

"தலையில பூ வைக்கச் சொல்லுவாங்களா?"

"வைக்கணும். மேடையில கொஞ்சம் அழுதாங்கன்னா நல்லாருக்கும்னு..."

"அழ மாட்டேன்."

"சரிக்கா. பேசினாப் போதும்."

பச்சைக் குழந்தையையும் தெம்பில்லாத மகளையும் விட்டுவிட்டு, கரி எரித்தவர்கள் சூடாக்கிய ஒரு மண்டபத்தில் நின்று, அவர்களிடமே தண்ணீர் கேட்க வேண்டும். போய்த்தான் ஆக வேண்டும். கம்பளிச் சட்டை யாரிடம் இருக்கும் என்று யோசித்தாள். தோக்கினுடைய கப்பல் சட்டையைக் கூட யாரோ கேட்டு வாங்கிப் போயிருந்தார்கள்.

படகுத்துறையிலிருந்து திரும்பியபோது இயந்திரம் மனியபாவின் கடல்பக்கத்தில் வெயிலில் முனகிக்கொண்டிருந்தது. அதன் வடிகட்டி ஆறேழு மாதம் வரும், அப்புறம் மாற்ற வேண்டும் என்று கபுவா சொல்லியிருந்தான். மாற்று வடிகட்டி எங்கிருந்து வரும் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. எரேசி முதல் குவளையைப் பிடித்து ரீனா வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தாள். குழந்தை குடித்துவிட்டுத் தூங்கிவிட்டதாம். மற்ற தாய்மார்கள் கூஜாக்களோடு நின்றார்கள். நூல் போல இறங்கும் தண்ணீரை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பவ்ரோ வாளியோடு வந்தான். இந்தத் தடவை அவன் முகத்தில் விளையாட்டு இல்லை.

"அக்கா, எம் பொண்டாட்டிக்கு ரெண்டு நாளா வயித்தால போகுது. ஒரு புபு..."

"அந்தச் சொல்லச் சொல்லாத," என்றாள் அரோய்ட்டா. "வரிசையில நில்லு. எரேசியக் கூப்பிட்டு அவளக் காட்டு. உன் முறை வந்ததும் தர்றேன்."

பவ்ரோ கடைசிக் கூஜாவுக்குப் பின்னால் போய் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். அரோய்ட்டா இயந்திரத்தின் நிழல் விழும் பக்கம் மணலில் அமர்ந்து, குழாயின் வாயைக் கூஜாவுக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். கை வலித்தால் மாற்றிக்கொள்ளலாம். இன்றைக்கு இன்னும் நிறைய வெயில் இருக்கிறது.